தகப்பன் இருந்தும் இல்லாத

என் கல்லூரிப் படிப்புக்கு யார் பணம் கட்டினார்கள் என்று கேட்டால், "திண்டிவனத்துத் தர்மம்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவது என் வழக்கம். கேட்டவர்கள் விடமாட்டார்கள். தர்மம் வைத்தவர் யார், எப்படிப்பட்டவர் என்று தொடர்வார்கள். அதைச் சொல்வதில் எனக்குச் சங்கடமில்லை, மணிக்கணக்காகச் சொல்வேன். பேச்சு அப்படியே திரும்பி, "உங்கப்பா என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று வரும்போதுதான் எனக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிடும். இப்போது எழுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. இனி எந்த வேலையைச் சொல்லி எழுந்து போவது? எழுதியே தொலைத்துவிடுகிறேன்.

தர்மம் வைத்தவர் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர். வெளியூர்க்காரர்கள் நிலக்கடலை என்பார்கள், எங்கள் பக்கத்தில் அது மல்லாட்டைதான். சின்ன வயதில் மண்டி வாசலில் உட்கார்ந்து, நகக்கண்ணில் ரத்தம் கசியக் கூலிக்கு மல்லாட்டை உரித்தவர் என்று சொல்வார்கள். பிற்பாடு அதே தெருவில் சொந்த மண்டி, கிளியனூர்ப் பாதையில் நஞ்சை நிலம் என்று மேலே வந்தார். பிள்ளை இல்லை. எழுதப் படிக்கவும் வராது, எல்லாம் வாய்க்கணக்குத்தான். படுக்கையில் விழுந்தபோது பத்திரம் எழுதுகிறவரைக் கட்டிலருகே உட்காரவைத்து, நஞ்சையின் வருமானம் முழுவதும் பிள்ளைகளைப் பட்டணத்துக் காலேஜில் படிக்கவைக்கப் போகவேண்டும் என்று உயில் சொன்னார். அவர் வாயால் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார்கள். இந்தச் "சொன்னபடியே" என்பதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் மானம் போனது அதில்தான்.

அவர் கண்ணை மூடியதும் பங்காளிகள் வழக்குப் போட்டார்கள். சில வருஷம் இழுத்தது. பங்காளிகள் தோற்றார்கள். அதற்குப் பிறகுதான் மூன்று பேர் கொண்ட ஒரு கமிட்டியும், அதற்கு ஒரு குமாஸ்தாவும் ஏற்பட்டு, சுற்றுவட்டாரத்து ஹைஸ்கூல்களுக்கெல்லாம் அச்சடித்த நோட்டீஸ் அனுப்பினார்கள். முப்பதுகளின் பின்பாதி அது. நான் விழுப்புரத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தேன்.

எங்களுக்குப் பூர்வீகம் கிளியனூருக்குப் பக்கத்தில் ஒரு சேரி. காணி நிலம் கிடையாது. அடுத்தவன் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கி வயிறு வளர்க்க முடியாது என்று ஆனபோது, அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் ஜங்ஷனுக்கு வந்துவிட்டார். அங்கே எஞ்சின் ஷெட்டில் கரி கொட்டுகிற வேலை. கூடையில் கரியை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு பலகையில் ஏறி எஞ்சினில் கொட்டவேண்டும். கான்ட்ராக்டர் வைத்த மேஸ்திரிக்குக் கீழே இருபது பேர். சாயங்காலம் ஷெட்டைவிட்டு வெளியே வந்தால் கண்ணும் பல்லும்தான் தெரியும்.

அந்த இருபது பேரில் கள்ளுக்கடைக்குப் போகாதவர் அப்பா ஒருவர்தான். தொண்டையில் ஒட்டிய கரித்தூள் இறங்கவேண்டுமென்றால் கள் ஊற்றியாகவேண்டும் என்பது ஷெட்டில் சட்டம் மாதிரி. அப்பாவுக்கு அந்த வாடையே ஆகாது. வேட்டி முடிச்சில் ஒரு துண்டு வெல்லம் வைத்திருப்பார், வேலை முடிந்ததும் அதை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வருவார். அதனால் ஷெட்டில் அவருக்கு "வெல்லக்கட்டி" என்று பெயர். குடிக்காதவர் என்பதால் மேஸ்திரி அவரை நம்பி, மற்றவர்களை வேலை வாங்குகிற பொறுப்பைக் கொடுத்திருந்தார். அந்தப் பொறுப்பைப் பற்றி அவருக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அதட்டத்தான் வராது. கூடை தூக்கும் பையனைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் தெரு ஆட்டையே "நகருங்க" என்பார் என்று அம்மா கேலி பண்ணுவாள்.

இனி நோட்டீஸுக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். உயிலில் இருந்த வாசகத்தை அப்படியே மேலே போட்டிருந்தது: "தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும், தகப்பன் இருந்தும் இல்லாத பிள்ளைகளுக்கும் என் சொத்தின் பலன் சேரவேண்டியது." அடியில், நல்ல மார்க்கு வாங்கியவர்கள் மனுப் போடலாம், கமிட்டியார் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், பெற்றவர் கைநாட்டோ கையெழுத்தோ மனுவில் இருக்கவேண்டும் என்று இருந்தது.

படித்த மாத்திரத்தில் எனக்கு அர்த்தம் பளிச்சென்று விளங்கிவிட்டது. தகப்பன் செத்துப்போன பிள்ளைகள் ஒரு வகை. தகப்பன் உயிரோடு இருந்தும் இல்லாததற்குச் சமமாகிவிட்ட பிள்ளைகள் இன்னொரு வகை. ஓடிப்போனவன், குடிகாரன், வேறு குடும்பம் வைத்துக்கொண்டவன், இப்படி. பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பரிசெல்லாம் எனக்குத்தான். சீர் பிரிப்பதென்ன, பொருள் கூறுவதென்ன! பக்கத்து அறையில் தமிழ் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். ஒரு எட்டுப் போய், "ஐயா, இதற்கு இதுதானே அர்த்தம்?" என்று கேட்டிருக்கலாம். நானா கேட்பேன்? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

என் தகப்பன் இல்லாதவரில்லை. இருந்தும் இல்லாதவரும் இல்லை. கூலியை வாங்கி அப்படியே அம்மா கையில் கொடுப்பவர். நான் படிக்கும்போது விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பவர். எனக்கு அன்று வந்த எண்ணத்தை இப்போது எழுதக் கை கூசுகிறது. "இவர் ஏன் இவ்வளவு நல்லவராக இருந்து தொலைக்கிறார்" என்று நினைத்தேன்.

இரண்டு நாள் பொருமினேன். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்து மரத்தடியில் உட்கார்ந்து மனுவை எழுதினேன். "என் தகப்பன் உயிரோடிருந்தும் எங்களுக்கு இல்லாதவரே. ஈட்டும் கூலியைக் கள்ளுக்கடைக்கு ஈந்துவிட்டு, என் தாயை உதைத்தும் வதைத்தும், என்னைப் பட்டினியில் வாட்டியும் வருகிறார்." முதலில் "அடித்தும்" என்றுதான் எழுதியிருந்தேன். வதைத்தும் என்பதற்கு எதுகை சேரவில்லை என்று அதை அடித்துவிட்டு "உதைத்தும்" என்று போட்டேன். எதுகைக்காக அம்மாவை உதைக்கவைத்த பிள்ளை நான். எழுதி முடித்து இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

அப்பா கைநாட்டு வைக்கவேண்டுமே. வேலையிலிருந்து வந்தவர், விஷயத்தைச் சொன்னதும் தொட்டியடிக்குப் போய்க் கட்டைவிரலைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். நகத்துக்குள் இருந்த கரியைத் துடைப்பக் குச்சியால் எடுத்தார். காகிதம் அழுக்காகிவிடக் கூடாதாம். ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, "இன்னா எழுதிக்கிற, படி கேப்போம்" என்றார்.

காகிதத்தைப் பார்த்துக்கொண்டே வேறொன்றைப் படித்தேன். "என் தகப்பனார் எஞ்சின் ஷெட்டில் அரும்பாடுபட்டு உழைத்து எங்களைக் காப்பாற்றி வருகிறார். ஒரு கெட்ட பழக்கமும் இல்லாதவர்." தங்குதடையில்லாமல் வந்தது. உண்மையைச் சொல்கிறபோது யோசிக்கவேண்டிய அவசியம் இல்லையே.

அப்பா கூச்சத்தோடு அம்மாவைப் பார்த்தார். "என்னப் பத்தி இவ்ளோவா எழுதுவாங்க? ரெண்டு வரி கம்மி பண்ணியிருக்கலாம்டா" என்றார். பிறகு மையில் தோய்த்து விரலைப் பதித்தார். "கரி இல்லாம வுழுந்துச்சா பாரு."

கரி இல்லாமல்தான் விழுந்திருந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் கமிட்டியின் குமாஸ்தா வருகிறார், வீட்டு நிலைமையை நேரில் விசாரிப்பார் என்று எழுதியிருந்தது. விசாரணை நடக்கும் என்று நோட்டீஸில் படித்தவன்தான். ஏனோ அது எனக்கு நடக்காது என்று நினைத்துவிட்டேன். அன்று மத்தியானம் கேப்பைக் கூழை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மா உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டாள். அந்தக் கை பட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மனுவின் நகல் என்னிடம் இருந்தது. அப்பா அதை முழுக்கப் படிக்கச் சொன்னார். இந்த முறை எழுதியிருந்ததைப் படித்தேன்.

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கை எப்பிடிடா வந்துச்சு உனக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அப்பா என் பக்கம் திரும்பி, "குடிகாரன்னு தான எழுதினே? செத்துட்டேன்னு எழுதலையே?" என்றார்.

"இல்லப்பா."

"அப்ப பரவால்ல. செத்துட்டேன்னு எழுதியிருந்தா அந்த ஆளு வர்றதுக்குள்ள உங்கம்மா தாலிய கழட்டி வெக்கணும்" என்று சிரிக்கப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவர் என்னை அதட்டியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால், நான் இத்தனை வருஷம் இதைச் சுமந்திருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன்.

"எழுதினது எழுதிட்டான்" என்று அம்மாவிடம் சொன்னார். "இப்ப அந்த ஆளு வந்து பாத்தா பொய்யின்னு தெரிஞ்சிடும். பொய் எழுதனவனுக்கு யாரு படிப்பு குடுப்பாங்க? நான் குடிச்சவன் மாதிரி ஆடிட்டுப் போறேன். ஷெட்டுல தெனம் பாக்கறேனே, எனக்குத் தெரியாதா."

"ஆடினா போதுமா? வாடை வேணாவா?" என்றாள் அம்மா. கோபத்தில் சொன்னாள், குத்திக் காட்டத்தான் சொன்னாள். அப்பா அதை யோசனையாக எடுத்துக்கொண்டார்.

"ஆமா, வாடை வேணும்" என்றார்.

அந்த இடத்தில் நான், "வேணாம்பா, நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்" என்று சொல்லியிருக்கவேண்டும். நாக்கு நுனியில்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று அப்பா கேட்டார். சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை குமாஸ்தா வந்தார். ஒல்லியான மனிதர், கையில் குடை, இடுப்பில் மடித்துச் செருகிய ஒரு நோட்டுப்புத்தகம். தெருவில் எங்கள் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தார். அவரை உட்காரவைக்கப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மரப்பெட்டியை வாங்கிப் போட்டோம். அடுப்பைப் பார்த்தார், என் புத்தகங்களைப் பார்த்தார். "தகப்பனார் எங்க?" என்றார். அதற்குள் தெருக்கோடியில் சத்தம் கேட்டது.

அப்பா வந்துகொண்டிருந்தார். நடித்துக்கொண்டு வரவில்லை. காலையிலேயே கள்ளுக்கடைக்குப் போய், பழக்கமில்லாத வயிற்றில் எவ்வளவு ஊற்றிக்கொண்டாரோ, நிஜமாகவே கால் பின்னிக்கொண்டு வந்தார். பின்னால் ஷெட்டு ஆள் ஒருவர், "இன்னாபா வெல்லக்கட்டி, நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்று கையைக் கொட்டிச் சிரித்துக்கொண்டு வந்தார். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

வந்ததும் குமாஸ்தாவைப் பார்த்து, "டேய், யார்டா நீ?" என்றார். ஆட்டையே நகருங்க என்கிறவர். அந்த "டேய்" அவருக்குச் சரியாக வரவில்லை, பாதியில் உடைந்தது. எனக்குத் தெரிந்தது, குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை. அடுத்தாற்போல் அம்மாவின் பக்கம் திரும்பினார். மனுவில் உதைத்தும் என்று இருக்கிறதே, அதை அவர் மறக்கவில்லை. காலைத் தூக்கினார். அம்மா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. தூக்கிய காலை அவரால் அவள்மேல் போட முடியவில்லை. பக்கத்தில் இருந்த கூழ்ப்பானையை உதைத்தார். பானை உடைந்து கூழ் வாசல்வரை ஓடியது. அதன்மேலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். குமாஸ்தா வேட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து தள்ளி நின்றார்.

போகும்போது என் தோளைத் தொட்டு, "தம்பி, நல்லா படி. படிச்சி ஆளானப்புறம் இந்த வூட்டுல இருக்காத" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

அப்பாவுக்கு மூன்று நாள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. நாலாம் நாள் வேலைக்குப் போனபோது மேஸ்திரி அவரைக் கூப்பிட்டு, "உன்னக் குடிக்காதவன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீ பட்டப்பகல்ல பொண்டாட்டிய உதைக்கிறியாமே" என்று சொல்லி, அந்தப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அப்பாவைச் சாம்பல் குழிக்கு மாற்றினார். எஞ்சின் அடியிலிருந்து கொட்டும் சாம்பலை, சூடு ஆறுவதற்கு முன் குழியில் இறங்கி வாரவேண்டிய வேலை. அப்பா ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. மறுத்தால் எங்கே அந்தப் பேச்சு திண்டிவனம்வரை போய்விடுமோ என்று பயம். வெல்லக்கட்டி என்ற பெயரும் அதோடு போயிற்று. குடிகாரர்கள் நடுவே குடிகாரன் என்று பெயரெடுத்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் குடிப்பதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை, இவர் ஒரு நாள் குடித்ததைச் சாகும்வரை பேசினார்கள்.

எனக்குத் தர்மம் கிடைத்தது. பட்டணம் போனேன். அங்கே நான் பட்ட சந்தோஷங்களை இங்கே எழுதப் போவதில்லை.

தர்மம் வைத்தவரின் திதியன்று, படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் திண்டிவனத்துக்கு வரவேண்டும் என்பது ஏற்பாடு. பழைய மண்டியிலேயே பந்தல் போட்டு, அவர் படத்துக்கு மாலை சாத்தி, எல்லோருக்கும் சாப்பாடு. முதல் வருஷம் போனேன். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்திருப்போம். பந்தலில் ஒரு பக்கம் தகப்பன் இல்லாத பிள்ளைகளின் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்குச் சேலை கொடுத்தார்கள். இன்னொரு பக்கம் ஆண்கள் ஒரு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கூட்டேரிப்பட்டிலிருந்து வந்த ஒரு வண்டிக்காரர், முகையூர்ப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர், கோட்டக்குப்பத்திலிருந்து தொப்பி போட்ட ஒரு பாய், தறி நெய்கிறவர் ஒருவர். கமிட்டியின் தலைவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எழுந்து நின்று, வேட்டியும் துண்டும் தட்டில் வைத்துக் கொடுத்தார். பிள்ளையைப் பெற்றதற்கு மரியாதையாம். அந்த வண்டிக்காரர் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குமாஸ்தாவிடம் போய், "இவங்கல்லாம் யாருங்க?" என்றேன்.

"கூட படிக்கிற பிள்ளைங்களோட அப்பாமாருதான்."

"இவங்கல்லாமும் குடிக்கிறவங்களா?"

குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி அப்பிடிக் கேக்கற?"

"இருந்தும் இல்லாதவங்கன்னு..."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீயும் அந்தப் பங்காளிங்க மாதிரி பேசறியே. அவனுங்களும் கோர்ட்டுல இதத்தான் சொன்னானுங்க. அப்பன் இருந்தும் இல்லாதவன்னா இன்னா அர்த்தம், வெளங்கலையே, உயிலே செல்லாதுன்னு. ஜட்ஜு பத்திரம் எழுதனவரக் கூப்பிட்டுக் கேட்டாரு. அவரு, 'எங்க பக்கத்துல இல்லாதவங்கன்னா இல்லாதப்பட்டவங்க, கஞ்சிக்கு இல்லாதவங்க. அப்பன் இருந்தும் கஷ்டப்படற பிள்ளைங்கன்னு பெரியவரு சொன்னாரு, சொன்னபடியே எழுதினேன்'னாரு. அதோட கேசு முடிஞ்சிது. இந்த மண்டித் தெருவுல கொழந்தையக் கேட்டாக்கூட சொல்லும்."

இல்லாத தகப்பன் இல்லை. இல்லாத பிள்ளை. ஏழைப் பிள்ளை. "இல்லாதப்பட்டவங்க நாம, நமக்கு எதுக்கு" என்று அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்வாளே, அந்த இல்லாத. வீட்டில் தினம் காதில் விழுந்த வார்த்தையை நோட்டீஸில் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அச்சில் வந்துவிட்டதால் அது பெரிய தமிழாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளதை உள்ளபடியே, என் அப்பா கரி கொட்டுகிறார், எங்களுக்கு வசதியில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நான் முதலில் வாயால் படித்துக் காட்டிய அந்தப் பொய்யான மனு இருக்கிறதே, அதுதான் எழுதவேண்டிய மனு.

குமாஸ்தா விட்டபாடில்லை. "நீ எழுதியிருந்தியே, அதனாலயே கமிட்டியில ரெண்டு பேரு வேணாம்னாங்க. குடிகாரன் வூட்டுக்கு எதுக்குன்னு. உன் மார்க்கக் காட்டி நான்தான் பேசி முடிச்சேன்" என்றார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "உங்கப்பாருக்கு இன்னிக்கு ஓலை அனுப்பல, தப்பா நெனச்சிக்காத. சபையில வந்து அன்னிக்கு மாதிரி பண்ணிட்டாருன்னா நல்லா இருக்காது பாரு" என்றார்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். அவர் நல்ல மனிதர், கேட்டிருப்பார். சொன்னால் பொய் மனுக் கொடுத்தவன் என்று தர்மத்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன். பயம்கூடப் பாதிதான். மீதி வெட்கம். தமிழில் கெட்டிக்காரன் என்று அந்தச் சபையில் என்னை அறிமுகம் செய்திருந்தார்கள். இலை போட்டார்கள். உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிட்டேன்.

பட்டணம் திரும்புகிற வழியில் வீட்டுக்குப் போனேன். அப்பா சாம்பல் குழியிலிருந்து வந்திருந்தார், புருவமெல்லாம் வெளுத்திருந்தது. என்னென்ன சாப்பாடு போட்டார்கள் என்று ஆசையாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்பன்மாருக்கு வேட்டி குடுக்கறாங்களாமே? ரயில்ல வந்த ஒருத்தரு சொன்னாரு" என்றார்.

"அதெல்லாம் இல்லப்பா" என்றேன்.

"இல்லையா? சரி, சரி" என்றார்.

அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. நீங்கள் குடித்திருக்கவே வேண்டாம், நீங்கள் நீங்களாகவே இருந்திருந்தாலே எனக்குப் படிப்புக் கிடைத்திருக்கும், மேலே ஒரு வேட்டியும் கிடைத்திருக்கும் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் கோபப்பட மாட்டார், சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. நாலு வருஷம் படித்தேன். நாலு திதிக்கும் போனேன். நாலு தரமும் அந்த ஆண்கள் வரிசையைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படிப்பு முடிந்து விழுப்புரத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக வந்தேன். இரட்டைப் பொருள் தரும் செய்யுள்களைப் பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டீஸ்தான் ஞாபகம் வரும். தர்மத்தில் படித்தவர்களில் ஒருவர் கமிட்டியில் இருக்கவேண்டும் என்றும் உயிலில் இருந்தது. யுத்தம் முடிகிற சமயத்தில் என்னைப் போட்டார்கள். முதல் கூட்டத்திலேயே, நோட்டீஸில் அந்த வாசகத்துக்குப் பக்கத்தில் "அதாவது, ஏழைப் பிள்ளைகளுக்கு" என்று சேர்த்து அச்சடிக்கவேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். படிக்கிற பிள்ளைகள் தவறாகப் பொருள் கொள்ள இடமிருக்கிறது என்றேன். தமிழ் படித்தவர் தமிழ் படித்தவர்தான் என்று தலைவர் மெச்சினார். நான் அடக்கமாக உட்கார்ந்திருந்தேன். தூ, என்ன பிழைப்பு.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, வயதாகித் தளர்ந்துவிட்ட குமாஸ்தா கூட நடந்து வந்தார். "உங்கப்பாரு இன்னும் குடிக்கிறாரா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லீங்க. விட்டுட்டாரு" என்றேன்.

பிடிக்காத ஒன்றை விட்டுவிட்டதாகச் சொன்னேன். குமாஸ்தாவுக்கு உண்மையாகவே சந்தோஷம். "அப்ப வர்ற திதிக்குக் கூட்டிக்கினு வா. நின்னுபோன வேட்டிய குடுத்துடலாம்" என்றார். சரி என்றேன். ஏதேதோ சாக்குச் சொல்லி அந்த வருஷத்தைக் கடத்தினேன், அதற்கடுத்ததையும் கடத்தினேன். அங்கே கூட்டிக்கொண்டு போனால், மற்ற தகப்பன்மார்களோடு அவர் பேசுவார், பேசினால் விஷயம் அவருக்கே தெரிந்துவிடும். சாம்பல் நெஞ்சில் கட்டிக்கொண்டு அப்பா இருமத் தொடங்கியிருந்தார். ஒரு மழைக்காலத்தில் அந்த இருமலிலேயே போய்ச் சேர்ந்தார்.

கருமாதி அன்று வீட்டில் படையல் போட்டோம். செத்தவர்கள் எதையெதை விரும்பிச் சாப்பிட்டார்களோ அதையெல்லாம் இலையில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு வைப்பார்கள், வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை. அம்மா கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஹெட்மாஸ்டரும் இரண்டு வாத்தியார்களும் வந்து நின்றிருந்தார்கள். அப்போது கிளியனூரிலிருந்து வந்த என் தாய்மாமன் ஒரு சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நம் பக்கத்தில் மதுவிலக்கு வந்துவிட்ட காலம். புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது, அங்கே எல்லாம் கிடைக்கும், எல்லையில் சோதனை போடுவார்கள். மாமா பையில் கையை விட்டு மல்லாட்டையைத் துழாவி, உள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

"புதுச்சேரி போயி வாங்கினேன். போலீசுக்காரன் மூட்டைய குத்திப் பாத்தான், ஒடம்பே நடுங்கிப் போச்சி" என்று சொல்லி என் கையில் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. "மச்சான் ஆசப்பட்டது. மனசு குளிரட்டும். நீ புள்ள, உன் கையால ஊத்தி வெய்."

கூடியிருந்தவர்கள் சரிதான் என்று தலையை ஆட்டினார்கள். ஷெட்டு ஆட்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள், அவர்களும் ஆட்டினார்கள். பழி சொல்லும் முகம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் பிரியமான முகங்கள்.

அம்மா மட்டும் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் எதற்குக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். "எங்க அப்பா குடிக்கமாட்டார்." மூன்றே வார்த்தை. அத்தனை வருஷம் தமிழ் படித்தவன், அந்த மூன்று வார்த்தையைச் சொன்னால் போதும். சொன்னால், அப்படியானால் அன்றைக்கு என்று ஒருவர் தொடங்குவார். ஹெட்மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டிலைத் திறந்தேன். பித்தளை டம்ளரில் ஊற்றினேன். அப்பாவுக்கு ஆகாத அந்த வாடை வீடு முழுக்க ஏறியது. டம்ளரை இலையின் நடுவில் வைத்தேன்.

அம்மா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு துண்டு வெல்லம் இருந்தது. குனிந்து, நான் வைத்த டம்ளரை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் வெல்லத்தை வைத்தாள்.

"வெல்லம் இன்னாத்துக்குமா?" என்றார் மாமா.

"தொண்டையில கரி எறங்க அதான் துன்னுவாரு" என்றாள் அம்மா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.